3 மீற்றர் ஜி.ஐ. பைப்பில் 100 கிலோ தொங்கவிடலாமா? உதவி தேவை

கராஜ் தெமட்டகொட: இரண்டு சுவர்களுக்கு இடையே 3 மீற்றர். குறுக்கே ஒன்றரை அங்குல ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப் போட்டு, நடுவில் செயின் புளொக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டி என்ஜின் தூக்க வேண்டும். என்ஜின், புளொக் சேர்த்து 100 கிலோ. வேர்னியரில் வெளி விட்டம் 48.3 மி.மீ., தடிப்பு 3.2 மி.மீ. எத்தனை கிலோவில் வளையும்?

வெள்ளவத்தை: ஏறத்தாழ 127 கிலோவில். ஆனாலும் இதில் 100 கிலோ தூக்காதீர்கள் அண்ணா.

உள் விட்டம் 48.3இல் இரண்டு தடிப்பைக் கழித்தால் 41.9. இரண்டு விட்டங்களின் 4ஆம் அடுக்குகளையும் கழித்து, 0.0982ஆல் பெருக்கி, வெளி விட்டத்தால் வகுங்கள்: சுமார் 4,800 கன மி.மீ. பைப் வளைவை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு இது. சாதாரண ஜி.ஐ. பைப் நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைப்பு சதுர மி.மீ.க்கு 195 நியூட்டன் என்று எடுங்கள். சுமை நடுவில் தொங்கினால் 4 × தகைப்பு × அந்த அளவு ÷ மி.மீ.இல் இடைவெளி: 4 × 195 × 4,800 ÷ 3,000 = 1,248 நியூட்டன், 9.81ஆல் வகுத்தால் 127 கிலோ. பைப்பின் சொந்த எடையே அதில் 5 கிலோவைத் தின்றுவிடும். செயினைத் திடீரென வெடுக்கென்று இழுக்கும்போது சுமை இன்னும் ஏறும். தூக்கும் வேலைக்கு மூன்றில் ஒரு பங்குதான் நம்பலாம்: 42 கிலோ.

கராஜ் தெமட்டகொட: அதே விட்டத்தில் 4 மி.மீ. தடிப்பு எடுத்தால் சரிவருமா?

வெள்ளவத்தை: 19 வீதம்தான் கூடும். தடிப்பை விட விட்டம்தான் முக்கியம். 60.3 மி.மீ. வெளி விட்டமும் 3.6 மி.மீ. தடிப்பும் உள்ள இரண்டு அங்குலப் பைப் 79 வீதம் கூடத் தாங்கும். அதுவும் 3 மீற்றரில் 76 கிலோவுக்குத்தான் பாதுகாப்பு. சுவரை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து இடைவெளியை 2 மீற்றராக்குங்கள். அப்போது 341 கிலோவில்தான் வளையத் தொடங்கும். மூன்றில் ஒரு பங்கு 114. 100 கிலோ தொங்கினால் நடுவில் 3 மி.மீ. அளவுதான் தாழும்.

பஞ்சிகாவத்தை: கணக்கு சரி. ஆனால் அது முழுப் பைப்புக்கு. நடுவில் துளை போடாதீர்கள், வெல்டிங்கும் வேண்டாம். வளைவு ஆகக் கூடுதலாக விழுவது அங்கேதான். இடையில் சொக்கெட் மூட்டு இருக்கவே கூடாது, மரை வெட்டிய இடத்தில் தடிப்பு குறைந்திருக்கும். கொக்கியை நேரே மாட்டினால் பைப் சுவர் உள்ளே அமுங்கும். வட்டம் சப்பையானால் மேலே போட்ட கணக்கு செல்லாது. அகலமான பட்டி ஸ்லிங்கைச் சுற்றி அதில் மாட்டுங்கள். ஒருமுறை வளைந்த பைப்பை நிமிர்த்திப் போடவே வேண்டாம்.

ஸ்டாண்ட் ஒவ்வொன்றும் கால் விரித்து நிற்கட்டும், அடியில் தட்டு வையுங்கள். பைப் உருளாமல் இரு முனையையும் கிளாம்ப் பண்ணுங்கள். வேலைக்கு முன் 125 கிலோவைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி 10 நிமிடம் விடுங்கள். இறக்கியதும் முனைக்கு முனை நூல் கட்டிப் பாருங்கள். நூலுக்கும் பைப்புக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் அந்தப் பைப்பைக் கழித்துவிடுங்கள்.