ரெசின் பேனா கடையும்போது ஓரம் சில்லு பெயர்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தக்கலைப் பக்கம் வீட்டிலேயே சின்ன மர லேத் வைத்திருக்கிறேன். இத்தனை நாள் தேக்கு, பலாவில் பேனா கடைந்தேன், தொந்தரவில்லை. இப்போது முதல்முறையாக பாலியஸ்டர் ரெசினில் நீலமும் வெள்ளையும் கலந்து கட்டை வார்த்தேன். நம்ம முட்டம் கடல் மாதிரியே நிறம், பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

7 மில்லிமீட்டர் துளை போடும்போது மறுமுனை பிளந்து இரண்டு கட்டை போனது. அப்புறம் கட்டையை நீளமாக விட்டு, டிரில் வெளியே வருமுன் நிறுத்தி, நுனியை அறுத்தெடுத்தேன். அது சரியாகிவிட்டது. துளைக்குள் ஒட்டும் பித்தளைக் குழாய் ரெசின் வழியே வெளியே தெரியாமலிருக்க, ஒட்டுமுன் வெள்ளை பெயின்டும் அடித்தேன்.

சிக்கல் கடைசலில்தான். புஷ் (கட்டையின் இரு முனையிலும் மாட்டும், எவ்வளவு பருமனுக்குக் கடையணும் என்று காட்டும் உலோக வளையம்) அளவை நெருங்கும்போது ஓரத்தில் சில்லு சில்லாகப் பெயர்கிறது. உளியைத் தீட்டித்தான் பிடிக்கிறேன். லேத் வேகத்தைக் கூட்டணுமா? கார்பைடு முனை உளிதான் வழியா? இல்லை, கடைசி அரை மில்லிமீட்டரை உளியே தொடாமல், தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் இறக்கலாமா?

மாமா அடுத்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், இந்தப் பேனா அவருக்கு. மீதி ஒரே கட்டைதான் இருக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ரெசின் கடைந்து பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கட்டையோடு நேரில் வந்துவிடுகிறேன்.