வெயிலா, காத்தா, வேகக் கணக்கா? மனசுல நிக்குற மாரத்தான்கள்

நள்ளிரவுக்காரன்
தோகா 2019, உலக சாம்பியன்ஷிப்ல பெண்கள் மாரத்தான். இன்னும் உறுத்துது. ராத்திரி 11:59க்கு ஆரம்பிச்சும் வெப்பம் 32 டிகிரிக்கு மேல, ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி. 68 பேர் கிளம்பினாங்க, 40 பேர்தான் முடிச்சாங்க. ஜெயிச்ச கென்யாவோட ரூத் செப்ன்கெடிச்சுக்கே 2:32:43. அதே வருஷம் ஜனவரியில துபாயில 2:17:08 ஓடினவங்க! வேர்வை கொட்டினாப் போதாது, ஆவியாகணும். அந்த ஈரத்துல ஆகாது. ரத்தம் தோலைக் குளிர்விக்க ஓடும், காலுக்குக் குறையும்.

ரெண்டாம்பாதி
எல்லாப் பழியையும் வெயில் மேல போடாதீங்க. பெர்லின் 2022ல வானிலை நல்லாத்தான் இருந்துச்சு. கென்யாவோட எலியுட் கிப்சோகே முதல் 5 கி.மீ. 14:14, அதாவது முழு ஓட்டத்தையும் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரத்துல முடிக்கிற கணக்கு. முதல் பாதி 59:51, அடுத்த பாதி 61:18. அப்போ அது உலக சாதனைதான், ஆனா முன்னாடி வாங்கின கடனைப் பின்னாடி கட்டினார். இன்னொரு கென்யாக்காரர் கெல்வின் கிப்டும் சிகாகோ 2023ல முதல் பாதி 60:48, அடுத்த பாதி 59:47. முப்பதுல இருந்து நாப்பது வரைக்கும் 27:52! அந்தப் பத்து கிலோமீட்டரை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கல.

எதிர்க்காத்து
பாஸ்டன் 2018ஐ விட்டுட்டீங்களே. சுமார் 3 டிகிரி, கொட்டுற மழை, முகத்துல அறையுற காத்து. முன்னாடி ஓடி வேகம் பிடிச்சுக் கொடுக்குற பேசர் யாரும் கிடையாது. அமெரிக்காவோட டெஸ் லிண்டன் நடுவுல விலகிடலாம்னே இருந்தாங்க; கழிவறைக்கு ஒதுங்கின சக அமெரிக்க வீராங்கனை ஷாலேன் ஃபிளானகனுக்காக வேகத்தைக் குறைச்சுக் காத்திருந்து, கூட்டத்தோட சேர்த்துவிட்டாங்க. கடைசியில 2:39:54ல அவங்களே ஜெயிச்சாங்க.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். எதிர்க்காத்துல கி.மீ. நேரத்தைப் பார்க்காதீங்க, மூச்சைப் பாருங்க. முன்னாடி போறவர் முதுகுக்கு ஒரு மீட்டர் பின்னால ஒட்டுங்க. காத்து பக்கவாட்டுல அடிச்சா, அது வராத பக்கமா ஒதுங்கி ஓடுங்க. தனியா முன்னால பாயுறது வீண் செலவு. குளிர் மழைன்னா கையுறை கட்டாயம்: விரல் மரத்துட்டா ஓடும்போது சக்திக்குச் சாப்பிடுற ஜெல் உறையைக் கிழிக்க முடியாது, சாப்பாடு தவறும், முப்பது கி.மீ.க்கு மேல கால் நின்னுடும். வெயில்னா வேகத்தை முதல் கி.மீ.லயே குறைக்கணும். உடம்பு சூடேறின பிறகு குறைச்சா, இறங்க ரொம்ப நேரமாகும். தொப்பிக்குள்ள ஐஸ், கழுத்துல ஈரத்துணி. தண்ணியை ஒரே மூச்சுல குடிக்காம, ஒவ்வொரு மேசையிலயும் ரெண்டு மடக்கு.

நள்ளிரவுக்காரன்
ரெண்டாம்பாதி, அப்போ ஜப்பான்ல சப்போரோ 2021 பாருங்க. அதே கிப்சோகே, டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தான், புழுக்கம். முப்பது கி.மீ. வரைக்கும் கூட்டத்துக்குள்ளயே அடங்கி இருந்தார். அப்புறம்தான் கிளம்பினார். 2:08:38, ரெண்டாவது வந்தவருக்கு 80 விநாடி முன்னாடி. பெர்லின் வேகத்தை அங்க யாரும் தொடக்கூட நினைக்கல.