சிங்கப்பூர் என்ற இந்தச் சின்னத் தீவுக்கு இவ்வளவு போர் விமானங்கள் வேண்டுமா?

ஹவ்காங் செல்வி:
எங்கள் புளோக் பாய லேபார் விமானத் தளத்துக்குப் பக்கம். சத்தத்தைப் பற்றிக் குறை சொல்ல வரவில்லை. என் கேள்வி பணத்தைப் பற்றியது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் தற்காப்புக்கு 23.4 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. எஃப்-15எஸ்ஜி போர் விமானம் சுமார் 40 ஏற்கெனவே இருக்கிறது, எஃப்-35 இன்னும் 20 வரப்போகிறது. கிழக்கிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர்தான் இந்தத் தீவு. அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அங்கே செலவை நினைத்துக் கலங்கி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். தரையில் ஏவுகணை வைத்தால் போதாதா?

தெங்கா சேகரன்:
செல்விம்மா, நான் தெங்கா விமானத் தளத்தில் எஃப்-16 போர் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தீவு சின்னது என்பதால்தான் விமானம் வேண்டும். பின்வாங்க நமக்கு இடமே இல்லை. வருவது யார், எதற்கு என்பதைக் கடலுக்கு மேலேயே போய்ப் பார்த்தாக வேண்டும்.

2024 அக்டோபர் 15 ராத்திரியை நினைத்துப் பாருங்கள். மதுரையிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு வெடிகுண்டு மிரட்டல். உள்ளே இருந்தவர்களில் எத்தனையோ பேர் நம் ஆட்கள். இரண்டு எஃப்-15எஸ்ஜி கிளம்பிப் போய், மக்கள் குடியிருக்கும் பக்கம் வராமல் விலக்கிக் கூட்டிவந்தன. பத்து மணி தாண்டி சாங்கியில் பத்திரமாக இறங்கியது. ஏவுகணைக்குச் சுடத்தான் தெரியும், பக்கத்தில் பறந்து வழிகாட்டத் தெரியாது.

பணம் வாங்கும் விலையோடு நிற்பதில்லை. ஒரு மணி நேரம் பறக்க, கீழே பல மணி நேரம் கை வேலை. உதிரிபாகம், எண்ணெய், ஆட்கள். இங்கே பயிற்சிக்கு வானமும் போதாது. அதனால் ஆஸ்திரேலியாவில் பியர்ஸ், பிரான்சில் கஸோ, அமெரிக்காவில் ஐடஹோ, இந்தியாவில் கலைகுண்டா என்று போகிறார்கள்.

யீஷூன் ரவி:
அங்கிள் சொன்னதில் பாதியைத்தான் ஏற்கிறேன். பயணிகள் விமானத்துக்குத் துணை போக, ரேடாருக்குத் தப்பும் எஃப்-35 மாதிரி விமானம் எதற்கு? 2020இல் அமெரிக்கா 12 எஃப்-35பி விற்க ஒப்புதல் தந்தபோது எல்லாம் சேர்த்து 2.75 பில்லியன் அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டது. 2025 ஜூனில் உக்ரேன் மலிவான டிரோன்களை வைத்து ரஷ்ய விமானங்களைத் தளத்திலேயே எரித்தது. நம் விமானங்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய தளங்களில்தானே நிற்கின்றன?

இன்னொன்று, நிலம். 2030க்குப் பிறகு பாய லேபார் தளம் இடம் மாறினால் 800 ஹெக்டர் கிடைக்கும், ஒன்றரை லட்சம் வீடுகள் கட்டலாம் என்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் கட்டட உயரக் கட்டுப்பாடும் தளரும். இத்தனை வருடம் கட்டாமல் விட்ட வீடுகளையும் ஆகாயப்படைச் செலவில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தெங்கா சேகரன்:
நிலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி தம்பி, அந்தக் கோணத்தில் யாரும் பேசுவதில்லை. தளத்தில் அடிபடும் பயம் எங்களுக்கு என்றும் இருந்தது. 2016இல் லிம் சூ காங் சாலையில் விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம் எல்லாம் கழற்றி, அதையே ஓடுபாதையாக்கி எஃப்-16 இறக்கினோம். எஃப்-35பி குறைந்த தூரத்தில் கிளம்பும், நேராகக் கீழே இறங்கும். ஓடுபாதையைக் குண்டு போட்டுப் பெயர்த்தாலும் முடங்காது. அதற்குத்தான் அந்த விலை. டிரோன் தடுப்புக்கும் செலவு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு அது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். விமானியைப் பழக்க வருடங்கள் ஆகும், ஆபத்து வந்த பிறகு கடையில் வாங்க முடியாது.

ஹவ்காங் செல்வி:
நன்றி அங்கிள். விமானமே வேண்டாம் என்று இனி சொல்ல மாட்டேன். ஆனால் 23.4 பில்லியனில் ஆகாயப்படைக்கு எவ்வளவு என்று நானும் தேடினேன், பிரித்துப் போட்டிருப்பது எங்கும் கண்ணில் படவில்லை. எதிரிக்குத் தெரியக்கூடாதது இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். மொத்தத் தொகையைச் சொல்வதில் என்ன ஆபத்து? எங்கள் எம்.பி. மக்களைச் சந்திக்கும் நாளில் இதை எழுதியே கொடுக்கப் போகிறேன். ரவி, அந்த நில விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளட்டுமா?