யானை வரவை அறியும் ஒலிப்பதிவுக் கருவிகளை எங்கே வைப்பது?

கேள்வி (பேரணாம்பட்டு):
ஆந்திர எல்லையிலுள்ள கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் எங்கள் பக்கத்து நிலங்களில் இறங்குவதை முன்கூட்டியே அறிய, காப்புக்காட்டின் ஓரமாக எட்டு ஒலிப்பதிவுக் கருவிகளை வைக்க எண்ணியுள்ளோம். ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் வரை கேட்கும் என்று கொண்டு வரைபடத்தில் வட்டமிட்டு இடங்களைக் குறித்துவிட்டோம். ஒலி பரவும் விதத்தைக் கணினியில் கணக்கிட்ட பிறகே வைக்க வேண்டும் என்கிறார் நண்பர் ஒருவர். அதனால் பயன் உண்டா?

மறுமொழி (காட்பாடி):
கட்டாயம் உண்டு. தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் குறையும் என்பது பொதுக்கணக்கு. அதற்கு மேல் எல்லாம் இடத்தையும் வேளையையும் பொறுத்தது. நம் ஊர் வெயிலில் தரை சுட்டு, மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பம் குறைவதால், ஒலி மேல்நோக்கி வளைந்து சற்றுத் தொலைவிலேயே ஒலிநிழல், அதாவது ஒலி எட்டாத பகுதி, விழுந்துவிடும். தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்வதால் அதே ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் செல்லும். பயிருக்கு யானை வருவது பெரும்பாலும் இரவில்தான் என்பதால் இரவு நிலையைக் கொண்டே கணக்கிடுங்கள். ஆனால், திறந்தவெளியில் ஒலி குறைவதைக் கணக்கிடப் பலரும் எடுத்தாளும் ஐஎஸ்ஓ 9613-2 என்ற பன்னாட்டுத் தரமுறை 63 ஹெர்ட்ஸுக்குக் கீழே பொருந்தாது. யானை உறுமலின் அடிப்படை ஒலியோ 20 ஹெர்ட்ஸை ஒட்டியது.

மறுமொழி (ஆம்பூர்):
20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 17 மீட்டர். மரமும் புதரும் அதைத் தடுக்க மாட்டா, சிறு மேடுகளையும் அது சுற்றிக்கொண்டு போய்விடும். என் பார்வையில் உங்களுக்கு முதல் எதிரி ஒலிவாங்கியின் மீது மோதும் காற்றின் இரைச்சல். தொலைவு அதற்கு அடுத்ததுதான். ஆகவே மலைமுகட்டைத் தவிர்த்து, காற்று மறைவான சரிவைத் தேர்ந்தெடுங்கள். சரக்கு ரயிலும் நெடுஞ்சாலை லாரிகளும் இதே தாழ்ந்த அதிர்வெண்ணில் முழங்குபவை. எனவே ஒவ்வோர் இடத்தின் இரவுநேரப் பின்னணி இரைச்சலை முதலில் பதிந்து, அந்த அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
யானை நிற்கும் இடத்தையும் இதைக் கொண்டே கண்டறியலாமா?

மறுமொழி (காட்பாடி):
ஒரே குரலைக் குறைந்தது மூன்று கருவிகள், நான்கு என்றால் நல்லது, கேட்டிருக்க வேண்டும். அவற்றின் கடிகாரங்களும் ஜிபிஎஸ் வழியே ஒத்திருக்க வேண்டும். எட்டுக் கருவிகளை அதற்காக நெருக்கி வைத்தால் காட்டோரத்தின் பெரும்பகுதி காவலின்றிப் போகும். எந்த ஓடை வழியாக இறங்குகிறது என்று தெரிந்தாலே எச்சரிக்கைக்குப் போதும். ஓடை வாய்களில் பரப்பி வையுங்கள். தனியாக வரும் ஆண் யானை பெரும்பாலும் குரலெழுப்பாமலே வரும் என்பதால், அதன் வழக்கமான தடத்தில் கேமராவும் வேண்டும்.