அத்திப்பழம் பூரா பூச்சி, மருந்து அடிக்கலாமா?

கேள்வி: வீட்டுக் கொல்லைல வாய்க்கா ஓரமா பெரிய நாட்டு அத்தி நிக்குது, எங்க ஆத்தா காலத்து மரம். அடிமரத்துலயே கொத்துக்கொத்தா காய்ச்சுத் தொங்குது, ஆனா எதப் புட்டாலும் உள்ள கடுக விட சின்னதா கருப்புப் பூச்சி, சிலது பறந்தே போகுது. பொண்ணு ஆசையா பறிச்சா, பாத்ததும் மூஞ்சச் சுளிச்சுக் கீழ போட்டுட்டா. மருந்துக்கடைல ஸ்ப்ரே குடுத்துருக்காங்க, அடிக்கலாமா?

பதில் 1: அண்ணா தயவுசெஞ்சு அடிச்சிராதீங்க. அது நோய் இல்ல, அத்திக்குளவி, அது இல்லேன்னா இந்த மரத்துக்கு விதையே கிடையாது. "அத்தி பூத்தாப்ல"னு சொல்றோம்ல, நெசத்துல அது நல்லாவே பூக்குது, நாம காய்னு நெனைக்கிறதுக்கு உள்ளதான் பூவெல்லாம் இருக்கு, அதான் கண்ணுல படறதில்ல. காய் நுனில ஒரு துளை இருக்கும், பெண் குளவி அதுல முட்டி மோதி உள்ள போறப்ப றெக்கையே பிஞ்சிரும், கொண்டு வந்த மகரந்தத்தப் பூவுல சேத்துட்டு சில பூவுல முட்டையும் வச்சிட்டு உள்ளயே செத்துரும். அதுல பொறக்கற ஆணுக்கு றெக்கையே இல்ல, ஜோடி சேந்ததும் காயக் கொடஞ்சு வழி பண்றதோட அதுங்க கத முடிஞ்சுது. பெண்ணுங்க மகரந்தத்தோட அந்த வழியா வெளிய வந்து அடுத்த மரத்தத் தேடிப் போகும், அதுக்கு இருக்கற ஆயுசே ஒண்ணு ரெண்டு நாள்தான்.

பதில் 2: அப்ப கடைல வாங்கற காஞ்ச அத்திலயும் குளவியா?

பதில் 1: எல்லாத்துலயும் இல்ல, நிறைய சீமை அத்தி ரகம் குளவி இல்லாமலே பழுக்கும். ஆனா ஸ்மிர்னானு ஒரு ரகம், அமெரிக்கால கலிபோர்னியால கொண்டுபோய் நட்டாங்க, மரம் நல்லா வளந்துச்சு காய் மட்டும் பழுக்காமலே உதிந்துச்சு. 1899ல குளவியக் கொண்டுவந்து விட்டப்புறம்தான் பழமே புடிச்சுது.

பதில் 3: நான் வால்பாறை பக்கம். அத்தி, ஆல், அரசு, இச்சி எல்லாம் ஒரே குடும்பம், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி குளவி. எல்லா மரமும் ஒரே மாசத்துல பழுக்காது, ஒண்ணு முடிஞ்சா வேற ஒண்ணு பழுக்கும், அதனால காட்டுல வேற பழம் இல்லாதப்பவும் இது கெடைக்கும். பெரிய இருவாச்சில பெண் பறவை மரப்பொந்த அடைச்சுட்டு உள்ள முட்டையோட உக்காந்துருக்கும், ஆண்தான் அத்திப்பழமா முழுங்கி வந்து ஒண்ணொண்ணா கக்கி ஊட்டும். அத நேர்ல பாத்தவங்களுக்கு மருந்தடிக்க மனசே வராது. உங்க மரத்துலயும் ராத்திரி வௌவால் வருதானு பாருங்க.

கேள்வி கேட்டவர்: வௌவால் வருதுங்க, கொய்யாவுக்குனு நெனச்சிருந்தேன். காலைல பொண்ணக் கூட்டிட்டுப் போய் ஒரு பச்சைக்காய் நுனியப் பாத்தோம், துளை வாய்ல கண்ணாடி மாதிரி ரெண்டு றெக்கை ஒட்டிட்டு இருந்துச்சு. மருந்தக் கடைல திருப்பிக் குடுத்துட்டேன்.