ஈஎல்சிபி (கரண்டு லீக் ஆனா தானா அறுக்குற சுவிட்ச்) ராத்திரியில விழுந்துகிட்டே இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க

தாமான்_பையன்:
வணக்கம், அவசரம். வீட்டுல கரண்டு அடிக்கடி விழுது, முக்காவாசி ராத்திரிதான், நேத்து மட்டும் மூணு தடவ. ஏர்கோன் போட்டு கொஞ்ச நேரத்துல டப்புனு போயிடுது, ஏர்கோன்காரன் வந்து கழுவி 120 வெள்ளி வாங்கிட்டுப் போனான், அன்னிக்கு ராத்திரியே திரும்ப விழுந்திருச்சு. கைப்புள்ள இருக்கு. என்னா காரணம்?

ஈப்போ_அக்கா:
எது தம்பி விழுது, டெஸ்ட் பட்டன் உள்ளதா சின்ன சுவிட்சா? வீடு எத்தன வருசம்? மழைக்கு விழுதா?

கறுப்புக்காப்பி:
ஐஸ்பெட்டிதான். உள்ள ஐஸ உருக்குற டிஃப்ராஸ்ட் ஹீட்டர் இருக்கும், அது ஓடுறப்ப லீக் ஆகும். எங்க வீட்டுல இதேதான்.

சர்க்யூட்_சாமி:
இதே கேள்விக்கு எத்தன தடவ பதில் எழுதுறது, பழசத் தேடிப் பாக்குற பழக்கமே கிடையாது. முதல்ல அது ஈஎல்சிபி இல்ல, ஆர்சிசிபி. போற கரண்டும் திரும்புற கரண்டும் வித்தியாசப்பட்டா விழும். பேரே தெரியாம ரிப்பேர் எப்படி?

ரொட்டிச்சானாய்:
கடைக்காரனே ஈஎல்சிபின்னுதான் விக்கிறான், விடுங்க சாமி லா. தம்பி, அது 30 எம்ஏ (மில்லிஆம்ப்) லீக்குக்கு விழுறதா இருந்தா கழட்டிட்டு 100 போடுங்க, விழாது.

ஈப்போ_அக்கா:
கைப்புள்ள இருக்குற வீட்டுக்குச் சொல்ற யோசனையா இது? 30 ஆளக் காப்பாத்த. 100 பிளக் பாயிண்டுக்கு ஆகாது.

ரொட்டிச்சானாய்:
எங்க தாத்தா காலத்துல தோட்டத்து லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீட்டுல) இது எதுவுமே இல்ல, எல்லாரும் நல்லாத்தானே இருந்தோம்.

பழைய_மண்டோர்:
லயத்துல ராத்திரி 10 மணிக்கு கரண்டு இஞ்சினையே நிறுத்திடுவான், அப்புறம் எங்க ட்ரிப் ஆகும். மண்ணெண்ண விளக்குதான்.

சர்க்யூட்_சாமி:
கத பேசுற இடமா இது.

தாமான்_பையன்:
சாரி வேலையில இருந்தேன். பட்டன் உள்ளதுதான் விழுது, 30ன்னு போட்டிருக்கு. சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்த வெட்டிக் கட்டுன தாமான் (குடியிருப்பு), 20 வருசம் இருக்கும். மழைக்குச் சம்பந்தம் இல்ல. ஐஸ்பெட்டி பிளக்க புடுங்கியும் விழுது. சின்ன சுவிட்ச ஒவ்வொண்ணா இறக்கிப் பாத்துட்டேன், ஏர்கோனோடத இறக்குனா மட்டும் விழல. அப்ப ஏர்கோன்தானே?

ஓய்வு_வயர்மேன்:
அவசரப்படாதீங்க தம்பி. ஏர்கோன் இல்லாம பகல்ல பெரிய சாமான் போட்டா விழுதா?

தாமான்_பையன்:
ஆமா அங்கிள், காலையில வீட்டுக்காரம்மா கெட்டலும் துணி தேய்க்கிற ஐயனும் சேர்த்துப் போட்டா சில நாள் விழும், அத சொல்ல மறந்துட்டேன்.

ஓய்வு_வயர்மேன்:
அதச் சொல்லிருந்தா 120 வெள்ளி மிச்சம். எங்கயோ ஒரு லைன்ல நியூட்ரல் (கரண்டு திரும்புற ஒயர்) எர்த்த (மண்ணுக்குப் போற ஒயர) தொடுது. சின்ன சுவிட்ச் லைவ (கரண்டு வர்ற ஒயர) மட்டும்தான் அறுக்கும், நியூட்ரல அறுக்காது, அதனால கெட்டுப்போன லைன இறக்குனாலும் கோளாறு அப்படியே இருக்கும். லோடு கம்மியா இருக்கறப்ப எர்த்து வழியா ஓடுறது கொஞ்சம், விழாது. ஏர்கோனோ ஐயனோ இழுத்தா நியூட்ரல்ல திரும்ப வேண்டியதுல ஒரு பங்கு எர்த்து பக்கம் போயிடும், விழுந்திடும். 30ன்னு போட்டிருந்தாலும் 15க்கு மேலயே விழலாம். இதுல பாவம் ஏர்கோனுக்குத்தான் கெட்ட பேரு. லைசென்ஸ் உள்ள ஒயர்மேன கூப்பிட்டு, மெயின நிறுத்தி, நியூட்ரல் பார்ல ஒவ்வொரு ஒயரா கழட்டி எர்த்தோட மெக்கர் (ஒயர் லீக் பாக்குற மீட்டர்) வச்சுப் பாக்கச் சொல்லுங்க. நீங்க பாக்ஸ தொறக்காதீங்க. கடைசியா சுவத்துல ஏதாவது ஓட்ட போட்டீங்களா?

கறுப்புக்காப்பி:
நான் இன்னும் ஐஸ்பெட்டின்னுதான் சொல்றேன்.

சர்க்யூட்_சாமி:
நியூட்ரல்னு நானும் சொல்ல வந்தேன், அதுக்குள்ள லயக் கத ஆரம்பிச்சிட்டாங்க.

ஈப்போ_அக்கா:
தம்பி என்னாச்சு? ஒரு வாரமா ஆளக் காணோம்.

தாமான்_பையன்:
சரியாயிடுச்சு. போன மாசம் போட்ட கிச்சன் கெபினெட் ஸ்க்ரூ ஒயருக்குள்ள ஏறி இருந்துச்சு. தேங்க்ஸ் அங்கிள்.

ரொட்டிச்சானாய்:
ஒயர்மேன் எவ்வளவு வாங்குனாரு? எங்க வீட்டு ஆட்டோகேட்டு தானா தொறக்குது, அதுக்கும் வருவாரா?