பூட்டிய ரூட்டருக்குப் பின்னால் சொந்த ரூட்டர் வைக்கலாமா?

சோமனூர் தறி:
வணக்கமுங்க. வீட்டை ஒட்டிப் பின்னாலேயே எங்கள் தறிக்கூடம். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, கம்பெனி கொடுத்த பெட்டியில்தான் வைஃபையும் வருகிறது, ஆனால் தறிக்கூடம் வரை எட்டுவதில்லை. அதனால் நல்ல ரூட்டராக ஒன்று வாங்கிவிட்டேன். பெட்டியை பிரிட்ஜ் மோடில் (பெட்டி வெறுமனே வழிவிட, ரூட்டர் வேலையை என்னுடையதே பார்க்கும்படி) போட்டுத் தரச் சொன்னால் முடியாது என்கிறார்கள், அட்மின் பாஸ்வேர்டும் தரவில்லை. லேபிளில் இருக்கும் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனால் வைஃபை பேரை மாற்றலாம், கொஞ்சம் ஸ்டேட்டஸ் பார்க்கலாம், அவ்வளவுதான். பெட்டியைக் கழற்றிவிட்டு என் ரூட்டரையே போட முடியுமா? இல்லை, ஒன்றின் பின் ஒன்றாக வைத்தால் 'டபுள் நாட்' வந்து நெட் கெட்டுப்போகும் என்கிறார்களே, நிஜமா? கோயம்புத்தூர் போயிருக்கும்போது தறிக்கூடத்துக் கேமராவை போனில் பார்க்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

பெருந்துறை வலை:
கழற்ற வேண்டாமுங்க. அந்தப் பெட்டிக்குள்ளேதான் ஓஎன்டியும் இருக்கிறது, ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றுவது அது, பெரும்பாலும் அதன் சீரியல் நம்பரைப் பார்த்துத்தான் கம்பெனி பக்கம் உள்ளே விடுவார்கள். கடையில் வாங்கும் சாதாரண ரூட்டரில் ஃபைபர் செருக இடமே இருக்காது.

பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிள், உங்கள் ரூட்டரில் 'இன்டர்நெட்' என்று குறித்த போர்ட்டுக்கு. கனெக்‌ஷன் வகையில் டைனமிக் ஐபி (நெட் முகவரி எண்ணான ஐபியைத் தானாக வாங்கிக்கொள்வது) வையுங்கள், பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டுக் கம்பெனி நெட்டில் நுழையும் முறை) வேண்டாம், அதை முன்னால் இருக்கும் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கட்டாயம் கவனிக்க வேண்டும், பெட்டியின் ஐபி 192.168.1.1 என்றிருந்து உங்கள் ரூட்டரும் அதே 192.168.1.1 என்றால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது, ஆகவே உங்களுடையதை 192.168.50.1 என்று மாற்றிவிடுங்கள். பெட்டியின் வைஃபையை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், முடியாவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற சேனல்களில் அது ஒன்றிலும் உங்களுடையது வேறொன்றிலும் இருக்கட்டும்.

நாட் என்பது உள்ளே இருக்கும் கருவிகள் எல்லாவற்றையும் வெளியே ஒரே ஐபியாகக் காட்டும் வேலை, இரண்டு ரூட்டர் இருந்தால் அது இரண்டு முறை நடக்கும், அதுதான் டபுள் நாட். அதற்கு இவ்வளவு பயம் தேவையே இல்லை. யூடியூப், யுபிஐ, வாட்ஸ்அப் கால் எதற்கும் வித்தியாசம் தெரியாது. வெளியிலிருந்து உள்ளே கூப்பிட வேண்டிய போர்ட் ஃபார்வர்டிங், சில விளையாட்டுகள், இவற்றுக்குத்தான் இடைஞ்சல். எனக்கென்றால் பிரிட்ஜ் கிடைக்காவிட்டாலும் சொந்த ரூட்டர்தான். கம்பெனி தூரத்திலிருந்து அவர்கள் பெட்டிக்குள் நுழைந்து செட்டிங் மாற்ற முடியும், உள்ளே எத்தனை போன், எத்தனை கேமரா என்றும் பார்க்க முடியும். பின்னால் நம் ரூட்டர் நின்றால் அவர்களுக்குத் தெரிவது ஒரே ஒரு கருவி. நாளைக்குப் பெட்டியையோ கம்பெனியையோ மாற்றினாலும் ஒவ்வொரு கேமராவிலும் வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பப் போட வேண்டியதில்லை.

பல்லடம் பண்ணை:
மேலே சொன்னது சரிதான், ஆனால் அண்ணா கேட்டது கேமரா. அதற்கு பிரிட்ஜ் கிடைத்தாலும் பிரயோஜனம் இல்லாமல் போகலாம். ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளி ஐபி 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்குகிறதா என்று பாருங்கள். அது சிஜிநாட், 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள், ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் வீட்டில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. எண்கள் 10 என்று தொடங்கினாலும் அதே கதைதான்.

மாதக் காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி (நமக்கென்றே மாறாத பொது ஐபி) கேட்கலாம். நான் அதைச் சொல்ல மாட்டேன், டிவிஆரை (கேமராப் பதிவுப் பெட்டியை) நெட்டில் நேராகத் திறந்து வைப்பது ஆபத்து. டிவிஆரோடு வரும் ஆப்பில் பி2பி இருந்தால் க்யூஆர் ஸ்கேன் செய்தாலே போதும், டிவிஆரே வெளியே போய் இணைத்துக்கொள்ளும், நாட் எத்தனை இருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். டிவிஆர் கம்பெனியின் சர்வரை நம்ப மனமில்லை என்றால் வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் டெயில்ஸ்கேல் (வெளியிலிருந்து வீட்டு நெட்டுக்குப் பாதுகாப்பான தனிவழி போடும் மென்பொருள்) போடுங்கள். எதுவானாலும் டிவிஆரின் பழைய பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்.

கோபி வயல்:
தறிக்கூடத்துக்கு எப்படிக் கேபிள் இழுக்கப் போகிறீர்கள் தம்பி? நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதைவிட, இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெட்டவெளியில் செம்புக் கேபிள் போட்டால் சித்திரை இடிமழையில் இரண்டு முனையிலும் போர்ட் கருகும், எங்கள் ஊரில் நிறையப் பேருக்கு ஆகியிருக்கிறது. உலோகம் இல்லாத ஃபைபர் ஒயரை இழுத்து இரண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் நெட்வொர்க் கேபிளையும் இணைக்கும் சின்னப் பெட்டி) வையுங்கள். தறிக்கூடத்து முனையில் இன்னொரு ரூட்டர் வேண்டாம், ஆக்சஸ் பாயின்ட் மோடு (வைஃபையை மட்டும் பரப்புவது) போதும், இல்லாவிட்டால் மூன்றாவது நாட் வந்து உட்காரும்.

சோமனூர் தறி:
பார்த்தேனுங்க, 100.79 என்று இருக்கிறது. அப்போது போர்ட் ஃபார்வர்டிங்கை விட்டுவிடுகிறேன். டிவிஆரில் பி2பி இருக்கிறது. அக்கா, ஃபைபர் ஒயரைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைக்கலாமா, இல்லை மேலேயே இழுக்கணுமா?

கோபி வயல்:
புதையுங்கள். லாரி திரும்பும் இடத்தில் மட்டும் ஆழமாகத் தோண்டச் சொல்லுங்கள், குழாய்க்குள் ஒரு கயிறும் சேர்த்து விட்டு வையுங்கள், நாளைக்கு இன்னொரு ஒயர் இழுக்க உதவும்.